பச்சையெல்லாம் காடல்ல

சளி பிடித்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது நீலகிரித் தைலத்தைத்தான். கொதிக்கிற நீரில் நாலு சொட்டு விட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்போம். கைக்குட்டையில் தடவிக் குழந்தையின் தலைமாட்டில் வைப்போம். அந்த நெடி ஏறியதும் மலைக்காற்றே வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தைலம் வடிக்கும் மரம் நீலகிரியில் பிறந்ததல்ல. அது ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ். 1840களில் ஆங்கிலேயர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். பிறகு விறகுத் தேவைக்காக மலைமலையாக நட்டார்கள். இலையைக் கசக்கினால் வரும் வாசனையை வைத்து மலைமக்கள் அதற்குக் கற்பூர மரம் என்று பெயர் சூட்டினார்கள். இன்று அந்த வாசனைதான் நீலகிரியின் வாசனை என்று தமிழ்நாடே நம்புகிறது. கப்பலில் வந்த மரமொன்று மலையின் பெயரையே சுமந்து நிற்கிறது.

இந்த மயக்கம் தைலத்தோடு நிற்பதில்லை. மலைவாசஸ்தலம் என்றதும் நம் மனதில் எழும் காட்சி எது? சீராக வெட்டிய தேயிலைச் சரிவு, ஊடே வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள், புகைபோக்கி வைத்த ஓட்டு பங்களா, எல்லாவற்றின் மேலும் இறங்கும் மூடுபனி. இதைத்தான் இயற்கை என்று சொல்லிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புகிறோம். அந்தக் காட்சியில் மலையையும் பனியையும் தவிர மற்றதெல்லாம் கடந்த இருநூறு ஆண்டுகளில் மனிதர் கொண்டுவந்து வைத்தவை. கோத்தகிரிக்குப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அங்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பச்சைகளை, தேயிலையின் பச்சையையும் சோலையின் பச்சையையும், பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அந்தப் பாடத்துக்கு உதகையைவிட, கொடைக்கானலைவிட, கோத்தகிரியே நல்ல பள்ளிக்கூடம். கூட்டம் குறைவு, இரண்டு பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மேட்டுப்பாளையத்தில் மலைப்பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பர்லியாறு வழியாகக் குன்னூருக்கும் உதகைக்கும் போகிறது. விடுமுறை நாட்களில் வாகனங்கள் எறும்பு வரிசை போல ஊர்வது அந்த வழியில். மற்றொன்று குஞ்சப்பனை வழியாகச் சுமார் 33 கிலோமீட்டர் ஏறிக் கோத்தகிரியை அடைகிறது. அடிவாரத்தில் வெக்கையும் முட்புதர்களும். கொஞ்சம் ஏறியதும் உயர்ந்த மரங்களின் நிழல். வளைவுகள் கூடக் கூடக் காது அடைக்கிறது, காற்றில் ஈரம் ஏறுகிறது. பிறகு சட்டென்று மரங்கள் விலகித் தேயிலை தொடங்கிவிடும். அந்த இடத்தில் பலரும் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, மலை வந்துவிட்டது என்பார்கள். உண்மையில் அதுவரை கடந்து வந்ததுதான் மலையின் சொந்தக் காடு. மலை வந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் தோட்டம் தொடங்குகிறது. இந்த ஒரு வளைவிலேயே நம் கண் எவ்வளவு பழக்கப்பட்டுப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கோத்தகிரி ஏன் அமைதியாக இருக்கிறது என்பதற்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. நீலகிரியில் வெள்ளையர் குடியேற்றம் தொடங்கியதே இந்தப் பக்கத்தில்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் சிறுமுகையிலிருந்து புறப்பட்டு மலையேறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடாகச் சொல்லப்படும் அந்தக் கட்டடம் இப்போது அவருடைய நினைவகமாகப் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் முதல் பாதை 1823-ல் முடிந்தது. ஆனால் அதற்குள் சல்லிவனின் மனம் உதகையின் மேட்டு நிலத்துக்குப் போய்விட்டது. அங்கே கல் பங்களா எழுந்தது. 1830களில் குன்னூர் வழியாக நல்ல மலைப்பாதை வந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது. 1908-ல் அது உதகையை எட்டியது. பாதையும் ரயிலும் கைவிட்ட ஊர் கோத்தகிரி. உதகைக்குக் கவர்னர் மாளிகையும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. கோத்தகிரி சின்னக் கடைவீதியோடு நின்றது. இன்று நாம் ரசிக்கும் அமைதி, அன்று அது இழந்த வாய்ப்பின் மறுபக்கம். சுமார் 1,800 மீட்டர் உயரம்; தென்மேற்குப் பருவமழையின் சீற்றத்தைத் தொட்டபெட்டா தடுத்துவிடுவதால் உதகையைவிட இதமான குளிர். இத்தனை இருந்தும் ஊர் வீங்காமல் போனதற்கு அந்தத் திருப்பமே முக்கியக் காரணம்.

வழிகாட்டிப் புத்தகங்கள் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். ஊரின் பெயரே அதை மறுக்கிறது. கோத்தர் வாழும் தெரு என்ற பொருளில் வழங்கியதே கோத்தகிரி ஆனது என்பர். நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் இரும்படித்து, பானை வனைந்து, இசைக்கருவி வாசித்து மலையின் எல்லாச் சமூகங்களோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். சுற்றியுள்ள ஹட்டி எனும் சிற்றூர்களில் படுகர்கள் சாமையும் ராகியும் விளைவித்தார்கள். சரிவின் கீழே இருளரும் குறும்பரும் தேன் எடுத்துக் கிழங்கு அகழ்ந்து வாழ்ந்தார்கள். மேட்டுப் புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. சல்லிவன் ஏறிய மலை ஆளில்லாத மலை அல்ல. கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணியில் ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை ஆடை உடுத்திய படுகர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மலைக்கு பங்களாக்களைவிட ஆழமான வேர் உண்டு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரவேணுவுக்குப் பக்கத்தில் விழும் அருவியைக் கேத்தரின் நீர்வீழ்ச்சி என்கிறோம். அது காபித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்ற ஆங்கிலேயரின் மனைவி பெயர். அருவி அந்த அம்மையாருக்கு முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

சல்லிவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இங்கே நோக்கமல்ல. மலைமக்களின் நில உரிமைக்காகக் கம்பெனி அரசிடம் வாதாடிய அதிகாரி அவர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் மலையில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நம் சந்தைகளில் இன்றும் அவற்றை இங்கிலீஷ் காய்கறி என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் கோத்தகிரியில் முதலில் காபி போட்டார்கள். 1860களில் அதே காக்பர்ன் குடும்பம் தேயிலைக்கு வந்தது. கட்டடத்துக்கும் அடுப்புக்கும் குளிர்காயவும் சோலை மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய வேகத்தில் வளரும் மரம் வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. ஒவ்வொரு முடிவுக்கும் அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அந்த முடிவுகளின் கூட்டுத்தொகையாக ஒரு மலையின் உடம்பே மாறிவிட்டது. மாறிய உடம்பை அதன் பிறவி உடம்பென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் பச்சையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். தேயிலைச் செடி என்று சொல்கிறோம். விட்டால் அது மரமாக வளரும். இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள்; மொட்டையாக நிற்கும் அந்தச் செடிகள் மறுபடி துளிர்த்துத் தட்டையான மேல்பரப்பாகப் படரும். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்பது பறிப்பின் இலக்கணம். கொழுந்து முற்றும் முன் திரும்பத் திரும்ப அதே செடிக்கு வந்தாக வேண்டும். தொலைவிலிருந்து பச்சைக் கம்பளம் போலத் தெரிகிற அந்தச் சமன், உண்மையில் கையும் கத்தரியும் ஓயாமல் வெட்டி வைத்த சமன். கம்பளத்துக்குள் புகுந்து நின்றால் இன்னொன்றும் தெரியும்: செடிகளுக்கு அடியில் வேறு எதுவும் முளைப்பதில்லை, முளைத்தால் களையென்று பிடுங்கப்படும். அரை ஏக்கரானாலும் ஐந்நூறு ஏக்கரானாலும் ஒரே இலை, ஒரே உயரம், ஒரே நிறம். இதில் அழகு இருக்கிறது. அது உழுது பரம்படித்த வயலின் அழகைப் போன்றது, விவசாயத்தின் அழகு. வயலைப் பார்த்து யாரும் காடு என்று சொல்வதில்லை. மலைச்சரிவில் இருப்பதால் தேயிலைக்கு மட்டும் அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது பச்சை, கோத்தகிரிக்கு அருகிலேயே இருக்கும் லாங்வுட் சோலை. பரப்பு வெறும் 116 ஹெக்டேர். வெளியே நின்று பார்த்தாலே வேறுபாடு தெரியும். தேயிலை ஒரே பச்சை. சோலையின் மேற்பரப்போ பூக்கோசு போலப் புடைத்துப் புடைத்து நிற்கும். சோலை மரங்கள் பலவற்றின் தளிர் சிவப்பு. ஆகவே கரும்பச்சைக்கு நடுவே செம்பும் மஞ்சளும் துருநிறமும் திட்டுத்திட்டாகத் தெரியும். உள்ளே மரங்கள் அதிக உயரமில்லை. நாவல் இனங்களும் காட்டு இலவங்க இனங்களும் முறுக்கிக்கொண்டு நெருங்கி நின்று, தலைகளைக் கோத்து வெயிலை மறைக்கின்றன. அடிமரத்தில் பாசி, பாசியின் மேல் பெரணி, கிளைக்கவட்டில் ஆர்க்கிட். காலடியில் ஆண்டுக்கணக்கான இலைச்சருகு மட்கி மெத்தையாகக் கிடக்கிறது. அந்தச் சருகைக் கொஞ்சம் விலக்கினால் கோடையிலும் கீழே மண் ஈரமாக இருக்கும். அந்த ஈரம்தான் சோலையின் சாரம். மழை இங்கே மண்ணை நேராக அடிப்பதில்லை. இலையில் விழுந்து, பாசியில் ஊறி, சருகில் தேங்கி, மண்ணுக்குள் மெல்ல இறங்கிப் பிறகு ஊற்றாகக் கசிகிறது. நீலகிரிச் சிரிப்பான், நீலகிரிக் காட்டுப்புறா போன்ற, பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வாழும் பறவைகளுக்கு இது வீடு. சுற்றியுள்ள பல ஊர்களின் குடிநீர் இங்கிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இந்தச் சோலை சேர்க்கப்பட்டது. ஏரியோ காயலோ இல்லாத ஒரு காட்டுக்கு ஈரநிலம் என்ற உலகத் தகுதி கிடைத்தது என்றால், அதன் உள்ளே இருக்கும் நீரின் மதிப்பு என்னவென்று யோசிக்கலாம்.

சோலை என்பது நம் மொழியின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ஆங்கிலேயர் அதை ஷோலா என்று எடுத்துக்கொண்டார்கள். தாவரவியல் நூல்களில் அது உலகச் சொல்லாயிற்று. இப்போது நாம் அதைத் திரும்ப வாங்கி, ஷோலா காடு என்று தமிழில் எழுதுகிறோம். சொல்லைப் போலவே காட்டையும் வெள்ளையரின் கண்வழியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சோலையோடு சேர்ந்த மூன்றாவது நிறமும் ஒன்று உண்டு: மலைமுகட்டுப் புல்வெளியின் வைக்கோல் நிறம். மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல் என்பது இந்த மலையின் பழைய ஏற்பாடு. குறிஞ்சி பூத்ததும் அந்தப் புல்வெளிகளில்தான். வருவாய்க் கணக்கில் அதைத் தரிசு என்று எழுதினார்கள்; தரிசென்று எழுதப்பட்டதில் மரம் நடுவது புண்ணியமாகத் தோன்றியது. கோத்தகிரிப் பக்கம் அந்தப் புல்வெளி இன்று மிகவும் குறைந்துவிட்டது. மரம் நட்டால் எங்கும் நல்லதே என்ற நம் எளிய நம்பிக்கை இங்கே தோற்றுப்போகிறது.

பச்சை எதுவானால் என்ன, மலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கேட்கலாம். தண்ணீர்தான் இதற்குப் பதில் சொல்கிறது. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1960களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓர் ஒப்பீடு செய்தது. அடுத்தடுத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றை இயல்பாக விட்டு, மற்றதில் கற்பூர மரத்தை நட்டு, இரண்டிலிருந்தும் வழியும் நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே கற்பூர மரம் நின்ற பக்கம் நீர் வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் பச்சைதான். ஓடை மட்டும் இளைத்துப்போயிற்று. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டியபோது உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவுகள் பெயர்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவ்வளவையும் தேயிலையின் தலையில் போடுவது நியாயமாகாது. பெய்த மழை பெருமழை. சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய மண், அடைபட்ட ஓடைகள், சரிவில் ஏற்றிய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் பலவகை வேர்கள் பல ஆழங்களில் பின்னிப் பிடித்திருக்கும் சரிவுக்கும், வெட்டித் திறந்துவிட்ட சரிவுக்கும் உள்ள வேறுபாடு அத்தகைய இரவுகளில் உயிரின் வேறுபாடாகிறது. கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடுகள் மேய்வதையும், இரவில் கரடிகள் குடியிருப்புகளுக்குள் வருவதையும் செய்தித்தாள்கள் ஊருக்குள் புகுந்த விலங்குகள் என்று எழுதுகின்றன. துண்டுதுண்டாக மிஞ்சிய சோலைகளுக்கு இடையே அவை தம் பழைய வழியில் நடக்கின்றன என்பதும் அதே அளவு உண்மை.

எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை என்று முடித்துவிடுவது எளிது. அது அரை உண்மைதான். நீலகிரியில் தேயிலை பெருமளவு பரவியதும், புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டதும் விடுதலைக்குப் பிறகுதான். மலையில் வளர்த்த அந்த மரங்கள் லாரி லாரியாகக் கீழே இறங்கிச் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாக்கப் போயின. 1819-ல் சல்லிவன் மலையேறப் புறப்பட்ட அதே சிறுமுகை. ஒன்றரை நூற்றாண்டுக்குள் அந்த வழியாக ஒரு கலெக்டர் ஏறினார், ஒரு காடு இறங்கியது. ஏறியதற்கு அவர்கள் பொறுப்பு. இறங்கியதற்கு நாம் பொறுப்பு. குற்றத்தைக் கடல்தாண்டி அனுப்பிவிட்டால், திருத்தும் கடமையும் நம் கையை விட்டுப் போய்விடும். அந்தக் கடமையை அரசு இப்போது ஓரளவு ஏற்றிருக்கிறது: அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. உண்ணிச்செடியும் சீகையும் அகற்றிய இடத்தில் சோலைக் கன்றுகளையும் புல்லையும் திரும்பக் கொண்டுவரும் வேலை மெதுவானது. ஒரு சோலை மரம் கிளை பரப்பி நிழல் தருவதற்குள் நட்டவரின் தலைமுறை முடிந்துவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பொன்று உண்டு. தேயிலையைக் குறை சொல்கிறவர்கள் மலையில் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தார்களா என்பது. நியாயமான கேள்வி. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை கொடுத்து, கிலோவுக்குக் கிடைக்கும் சில ரூபாயில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது அவர்கள் பட்ட பாட்டை மலை இன்னும் மறக்கவில்லை. இன்னொரு கூட்டமும் உண்டு. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களைப் பெயர்த்து அனுப்பியபோது, அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னாளில் டான்டீ ஆயிற்று; கோத்தகிரியிலும் அதற்குத் தோட்டங்கள் உண்டு. நுவரெலியாவிலும் அட்டனிலும் கொழுந்து பறித்த கைகள் இங்கே வந்து மறுபடி கொழுந்து பறித்தன. இந்தத் தேயிலையைப் பிடுங்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்தக் கட்டுரை அதைச் சொல்லவும் இல்லை. சொல்வது வேறு. தேயிலையைத் தேயிலையாகப் பாருங்கள். அப்படிப் பார்த்தால்தான் அதன் பின்னால் குனிந்து நிற்கிற ஆளும் தெரிவார். இயற்கை என்று பெயர் சூட்டிய கணமே அங்கே உழைப்பு மறைந்துவிடுகிறது. கூலியும் விலையும் பேசத் தேவையில்லாமல் போய்விடுகின்றன. இரண்டு பச்சையையும் ஒன்றாக்குவது சோலைக்கு மட்டும் செய்யும் அநீதியல்ல, தேயிலைக்காரருக்கும் செய்யும் அநீதி.

களைத்துப்போய் நாலு நாள் ஓய்வுக்கு வருகிறவரிடம் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஓய்வுக்கு வருகிறவரின் கண்தான் மலையின் சந்தையைத் தீர்மானிக்கிறது என்பதே இதற்கு விடை. காட்சி தெரியும் அறை வேண்டும் என்று ஆயிரம் பேர் கேட்டால், காட்சி தெரியும் சரிவில் கட்டடம் எழும். தேயிலை விலை படுத்துக் கிடக்கும் ஆண்டுகளில் ஓர் ஏக்கர் தோட்டத்தைவிட நாலு அறை விடுதி லாபமாகத் தெரியும். அப்போது தேயிலைப் பச்சையும் போய் சிமெண்ட் வந்து நிற்கும். கோத்தகிரியின் அமைதியை விற்பனைப் பொருளாக்கும் விளம்பரங்கள் பெருகுவது அந்த அமைதிக்கே ஆபத்து. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைக்கப்பட்டது. வணிகர்களும் விடுதிக்காரர்களும் பிழைப்பு கெடுகிறது என்று எதிர்த்தார்கள். அவர்கள் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தண்ணீரும் குப்பைக்கிடங்கும் சாலையும் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் போடாத ஊர், தன்னைத் தேடி வந்தவர்களாலேயே வீணாகும் என்பதற்குப் பக்கத்து உதகையே சாட்சி. நீதிமன்றம் வாகனத்துக்கு வரம்பு வைக்கலாம். கண்ணுக்கு வரம்பு வைக்க முடியாது. அதைப் பயணி தானே பழக்கிக்கொள்ள வேண்டும்.

சோலைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும் என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். குறை அல்ல. எல்லா இடத்துக்குள்ளும் கால் வைத்தால்தான் பயணம் என்றில்லை. கோயிலில் கருவறைக்கு வெளியே நின்று கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் நாம். ஒரு காட்டின் ஓரத்தில் நின்று பார்த்துத் திரும்புவது நமக்குப் புதிய பழக்கமல்ல. அரைமணி நேரம் விளிம்பில் பேசாமல் நின்றால் உள்ளே இருப்பது ஒலியாக வெளியே வரும்: சிரிப்பானின் கூச்சல், எங்கோ கிளை முறியும் சத்தம், கண்ணுக்குத் தெரியாத ஓடையின் ஒழுக்கு. தேயிலைக்குள் நின்றால் அந்த நேரத்தில் காற்று மட்டும்தான் கேட்கும். இரண்டு பச்சையைப் பிரித்தறியக் கண் தடுமாறினால் காது உதவும்.

கடைசியாகக் கோடநாடு காட்சிமுனைக்குப் போக வேண்டும். கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மலை அங்கே திடீரென்று முடிந்து, கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது; நடுவில் தெங்குமரஹாடா ஊரும் வயலும்; வானம் தெளிந்திருந்தால் தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கம் பளபளக்கும். பெரும்பாலோர் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த முனையில் நின்றுதான் மேலே பார்த்ததையெல்லாம் கீழே இருப்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோத்தகிரியின் ஓடைகள் வடக்கே மாயாற்றிலும் தெற்கே பவானியிலும் சேர்கின்றன. இரண்டும் பவானிசாகரில் கலக்கின்றன. அந்த அணையின் கீழ்பவானிக் கால்வாய் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது: ஈரோட்டின் மஞ்சள், கோபியின் நெல், கரூர் வரைக்கும் வயல். அணைக்குக் கீழே பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. 116 ஹெக்டேர் சோலை ஒன்று என்ன பெரிய விஷயம் என்று கேட்பவருக்கு இந்த முனையில் விடை இருக்கிறது. ஒரு சோலையால் அணை நிரம்பாது. ஆனால் மழை நின்ற மாதங்களிலும் ஆறு ஓடுவது, மலை முழுக்க மடிப்பு மடிப்பாக இருந்த இப்படிப்பட்ட சோலைகளாலும் புல்வெளிகளாலும்தான். அவற்றில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம். மிஞ்சியதை எண்ணிப் பார்க்கத் தெரியாத தலைமுறை, அவை போவதையும் கவனிக்காது.

கோத்தகிரிக்குப் போங்கள். கடைவீதியில் தேநீர் குடியுங்கள். அதன் விலையில் எவ்வளவு சிறு விவசாயியின் கைக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். கன்னேரிமுக்கு பங்களாவைப் பாருங்கள். அதைக் கட்டும்போது அந்த ஊரில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்பதையும் நினையுங்கள். விடுதி தேடும்போது, புதிதாகச் சரிவை வெட்டிக் கட்டிய இடத்தைத் தவிர்த்து, ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். கூடவே குழந்தைகள் வந்தால், சாலையோரம் நிறுத்தி, எதிர்ச் சரிவைக் காட்டி, இது தேயிலை, மனிதர் வைத்தது, அது சோலை, மலை தானே வளர்த்தது என்று விரல் நீட்டிச் சொல்லிக் கொடுங்கள். ஊருக்குத் திரும்பி அடுத்த முறை ஆவி பிடிக்கும்போது, அந்தத் தைலம் எந்த நாட்டு மரத்தினுடையது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.